மைனர் லீக்கிலேயே 19 சீசன் ஆடியவருக்கு என்னதான் மிச்சம்?

அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலிலேயே காலத்தை ஓட்டும் ஆட்டக்காரர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும், கடைசியில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பேஸ்பால் நிபுணன் எல்லாம் இல்லை. 2013இல் மேற்படிப்புக்காக ஒஹையோ மாநிலத்து டொலீடோவுக்குப் போனேன், கோடையில் பொழுது போக வழியில்லை, நடக்கும் தூரத்தில் ஒரு பேஸ்பால் மைதானம் இருந்தது, மலிவான டிக்கெட் பத்து டாலரைச் சுற்றித்தான். அடுத்த வருடம் அங்கே ஒருவர் ஆட வந்தார். இந்த உலகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவரை வைத்துத் தெரிந்துகொண்டதுதான்.

அணியின் பெயர் டொலீடோ மட் ஹென்ஸ். நம்மூர் ஏரிகளில் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கறுப்பாக நீந்துமே நாமக்கோழி, அந்த வகைப் பறவைதான் மட் ஹென். டெட்ராய்ட் டைகர்ஸ் என்ற மேஜர் லீக் அணிக்கு ஆள் தயாரித்துக் கொடுக்கும் பண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மைனர் லீக்கில் ரூக்கி, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிகள் உண்டு. டொலீடோ கடைசிப் படியான டிரிபிள் ஏ. அதற்கு மேல் மேஜர் லீக்தான். ஆட்டக்காரர்கள் அதை 'ஷோ' என்பார்கள். டொலீடோவிலிருந்து டெட்ராய்ட் மைதானத்துக்கு ஐ-75 நெடுஞ்சாலையில் வண்டியை விட்டால் ஒரு மணி நேரம். எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் இந்தக் கதையிலேயே பெரிய விஷயம்.

அந்த ஆள் மைக் ஹெஸ்மன். இன்ஃபீல்டர், அதாவது அடித்தவர் ஓடித் தொட வேண்டிய பேஸ்களின் பக்கத்தில் நின்று பந்தைத் தடுப்பவர்; முக்கியமாக மூன்றாம் பேஸ், அப்புறம் முதல் பேஸ். மூன்றாம் பேஸ் என்றால் வலக்கை ஆட்டக்காரர்கள் முழு பலத்தோடு இழுத்து அடிக்கும் பந்தெல்லாம் நேராக வந்து விழும் இடம். பேட்டுக்கும் உங்களுக்கும் நடுவே முப்பது மீட்டர்கூடத் தேறாது, யோசிக்கவெல்லாம் நேரமில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டால் இன்ஃபீல்டர்கள் தரையோடு வரும் பந்துகளைப் பொறுக்கிப் பழகுவதைப் பார்க்கலாம். ஒரு கோச் அடித்துக்கொண்டே இருப்பார், இவர்கள் குனிந்து எடுத்து எறிந்துகொண்டே இருப்பார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன்கள் நடுநடுவே குதித்து வித்தை காட்டுவார்கள். ஹெஸ்மனுக்கு அப்போது முப்பத்தாறு. ஆறரை அடி உயரத்தை ஒட்டிய ஆள், அவ்வளவு பெரிய உடம்பை ஒவ்வொரு பந்துக்கும் ஒரே மாதிரி மடக்கி, ஒரே மாதிரி நிமிர்ந்து, ஒரே மாதிரி எறிவார். பத்து நிமிடம் பார்த்தால் எனக்கு அலுத்துவிடும். அவர் அதைப் பதினெட்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தார்.

1996 டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பது) அட்லான்டா பிரேவ்ஸ் என்ற மேஜர் லீக் அணி 15ஆவது சுற்றில் அவரை எடுத்தது, அப்போதுதான் பள்ளி முடித்திருந்தார். 15ஆவது சுற்று என்றால் வந்தால் வரட்டும் என்று எடுப்பது. படிப்படியாக ஏறி 2003 ஆகஸ்டில் அட்லான்டாவுக்கு ஆடப் போனார். ஆனால் அங்கே ஏற்கெனவே பெரிய பெரிய ஆட்கள், நிலையாக ஓர் இடம் கிடைக்கவில்லை. 2005இல் டைகர்ஸ் பக்கம் வந்து டொலீடோ. 2005, 2006 இரண்டு வருடமும் மட் ஹென்ஸ் லீக் கோப்பையை வென்றது, 2007இல் டொலீடோ ஆடும் டிரிபிள் ஏ லீக்கான இன்டர்நேஷனல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது இவருக்கு. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் ஆடி வெண்கலம். 2010இல் நியூயார்க் மெட்ஸ், 2011இல் ஜப்பானின் ஓரிக்ஸ், அப்புறம் ஓக்லஹோமா சிட்டி, லூயிவில், 2014இல் மறுபடி டொலீடோ. நான் பார்த்தது இந்தக் கடைசிப் பகுதியை.

இத்தனைக்கும் நடுவில் மேஜர் லீக்கில் ஆடியது ஐந்து தவணையாக மொத்தம் 109 ஆட்டம். 14 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, எல்லையைத் தாண்டிப் பறக்கும் அடி). பேட்டிங் சராசரி .188. பேஸ்பாலில் பத்து முறை பேட் பிடித்து மூன்று முறை உருப்படியாக அடித்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். இவர் அங்கே இரண்டுகூட அடிக்கவில்லை.

ஏன்? என் பக்கத்து இருக்கைக்காரர் சீசன் டிக்கெட் வைத்திருந்த ஒரு பெரியவர், ஜீப் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன விளக்கம்தான் நான் கேட்டதிலேயே எளிமையானது: "பட்டால் பந்து தெருவுக்குப் போகும், படாவிட்டால் நமக்குக் காற்று வரும்." அவ்வளவுதான். ஹெஸ்மன் மைனர் லீக்கில் இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று வாய்ப்பையும் வீணாக்கி அவுட் ஆனவர். டிரிபிள் ஏவில் பந்து போடும் பிட்சர் பத்துப் பந்தில் ஒன்றிரண்டைத் தவறான இடத்தில் போடுவான், அதைக் கூரைக்கு அனுப்பிவிடுவார். மேஜர் லீக் பிட்சர் அந்தத் தவறை அடிக்கடி செய்வதில்லை. டிரிபிள் ஏவுக்கு அதிகம், மேஜருக்குக் குறைவு என்று இப்படி நடுவில் நிற்பவர்களுக்கு அங்கே 'நாலு ஏ' ஆட்டக்காரர் என்று பெயரே உண்டு, அப்படி ஒரு லீக் கிடையாது என்பதுதான் அதில் கிண்டல். இன்னொன்று, வாய்ப்பே பன்னிரண்டு ஆட்டம், பதினேழு ஆட்டம் என்று பிய்த்துப் பிய்த்துத்தான் வந்தது. 2008இல் டெட்ராய்ட்டில் பன்னிரண்டே ஆட்டத்தில் ஐந்து ஹோம் ரன் அடித்தார். மறு வருடம் முழுக்க டொலீடோதான். அங்கே மூன்றாம் பேஸில் வேறு ஆள், முதல் பேஸில் மிகேல் கப்ரேரா. கப்ரேராவை உட்கார வைத்துவிட்டு யாரை ஆடவிடுவார்கள், சொல்லுங்கள்.

சரி, காசு. இதைப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஹெஸ்மன் மாதிரி அனுபவசாலிகள் வருடா வருடம் தனி ஒப்பந்தம் பேசிக்கொள்வார்கள், அவர்கள் பாடு பரவாயில்லை. கீழ்ப்படியில் இருப்பவர்கள் நிலைமைதான் மோசம். 2018இல்கூட டிரிபிள் ஏவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 2,150 டாலர், அதுவும் சீசன் நடக்கும் ஐந்து மாதத்துக்கு மட்டும். கீழே போகப் போக அதில் பாதிக்குக் கிட்டே. ஒரு வீட்டில் ஐந்தாறு பேர், காற்றடைத்த மெத்தை, இரவு முழுக்க பஸ், குளிர்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதோ டெலிவரி வேலையோ. ஏரன் சென் என்ற முன்னாள் ஆட்டக்காரரும் இன்னும் சிலரும் 2014இல் வழக்குப் போட்டார்கள், 2022இல் மேஜர் லீக் 18.5 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. 2023இல் முதல் முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்து டபுள் ஏவில் வருடத்துக்கு 30,250 டாலர், டிரிபிள் ஏவில் 35,800 என்று ஆனது. தங்கும் இடமும் இப்போது அணியின் பொறுப்பு.

அதே 2023இல் மேஜர் லீக்கில் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். நாள் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட நாலாயிரம். அதாவது எட்டு நாள் மேலே இருந்தால் டபுள் ஏவின் ஒரு வருடக் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தாண்டிவிடும். இது தெரிந்தால்தான் டிரூ மாஜியின் கதை புரியும். அவரும் இன்ஃபீல்டர், அவரும் (வேடிக்கையைப் பாருங்கள்) 15ஆவது சுற்று, 2010இல் பிட்ஸ்பர்க் எடுத்தது. 2021 செப்டம்பரில் மினசோட்டா அணி மேலே கூப்பிட்டது, உடை போட்டு உட்கார்ந்திருந்தார், ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2023 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் கூப்பிட்டபோது வயது முப்பத்து நான்கைத் தொட இருந்தது, கீழே 1,155 ஆட்டம் ஆடி முடித்திருந்தார். ஏப்ரல் 26 அன்று எட்டாவது இன்னிங்ஸில், அணியின் நட்சத்திரமான மெக்கட்சனுக்குப் பதிலாக இறக்கினார்கள். மைதானமே எழுந்து நின்று பெயர் சொல்லிக் கத்தியது. ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அப்புறம் சில நாளில் முதல் ஹிட்டும் வந்தது. மொத்தம் மூன்று ஆட்டம், ஆறு முறை பேட் பிடித்து இரண்டு ஹிட், சராசரி .333. கணக்குப்படி ஹெஸ்மனைவிட எவ்வளவோ மேல்! இந்தக் காணொளியைத்தான் எல்லோரும் கண் கலங்கிப் பகிர்வார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த 1,155 ஆட்டத்தை யாரும் பகிர்வதில்லை, அவர் வாழ்ந்தது அங்கேதான்.

ஹெஸ்மனுக்குத் திரும்புகிறேன். 2014இல் இன்டர்நேஷனல் லீக்கின் ஹோம் ரன் சாதனையைத் தாண்டினார். 2015இல் பெரிய எண் நெருங்கியது: அமெரிக்க மைனர் லீக்குகளில் மொத்தமாக 432, பஸ் ஆர்லெட் என்பவர் 1937இல் ஆடி முடித்தபோது விட்டுப்போனது. (மெக்சிகோ லீக்கையும் சேர்த்தால் ஹெக்டர் எஸ்பினோவின் 484 இருக்கிறது, அது தனிக் கணக்கு.) கொஞ்சம் விசித்திரமான சாதனைதான். இதைப் பிடிக்க வேண்டுமானால் நன்றாக அடிக்கவும் வேண்டும், அதே சமயம் யாரும் உங்களை மேலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. நம் அமோல் மஜும்தார் இந்திய அணிக்கு ஒருமுறைகூட ஆடாமலே ரஞ்சியில் ரன்னாகக் குவித்துக்கொண்டே இருந்தாரே, அந்த ரகம். பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன், இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "முப்பத்தொரு வருடம் ஜீப் கதவு மாட்டினேன். யாரும் என்னை டெட்ராய்ட்டுக்குக் கூப்பிடவில்லை" என்றார். அத்தோடு வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டிவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

433 விழுந்தது ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை. டொலீடோவிலேயே, ஏழாவது இன்னிங்ஸில், மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடித்த கிராண்ட் ஸ்லாம். நான் போகவில்லை. அதற்கு முன் எத்தனையோ மாலை போயிருக்கிறேன், அன்று ப்ராஜெக்ட் வேலை, அழுக்குத் துணி வேறு குவிந்து கிடந்தது. லாண்டரியில் இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போனில் செய்தி வந்தது. நாலைந்து பேர் இருந்தார்கள், யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் "ஹெஸ்மன் அடித்துவிட்டார்" என்றேன். "தெரியும், என் மகன் அங்கேதான் இருக்கிறான்" என்று மடிப்பை விடாமல் சொன்னார்.

அந்த சீசனோடு ஹெஸ்மன் ஓய்வு பெற்று, டைகர்ஸின் மைனர் லீக் அணிகளிலேயே பேட்டிங் கோச் ஆனார். மறுபடியும் அதே பஸ்தான்.