கால் டிகிரி கோணலும் மற்ற கேள்விகளும்

கே: வியூ கேமராவில் (லென்ஸும் ஃபிலிமும் தனித்தனிச் சட்டத்தில் நகரும் பெரிய கேமரா) 4×5 அங்குல ஃபிலிமும் 90 மி.மீ. லென்ஸும் போட்டுத்தான் கட்டட உட்புறங்களை எடுத்துவந்தேன். அதே கேமராவின் பின்னால் 33×44 மி.மீ. சென்சார் உள்ள மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) டிஜிட்டல் கேமரா பாடியை மாட்டினால் பழைய அகலம் கிடைக்குமா?

ப: கிடைக்காது. 35 மி.மீ. கேமராக் கணக்கில் அது 70 மி.மீ. லென்ஸ் போலத்தான் தெரியும். பழைய கோணம் வேண்டுமென்றால் 32 மி.மீ. பக்கம் வர வேண்டும். ஆனால் முகப்பு வேலைப்பாடு, தூண், படிக்கட்டு என்று விவரமாக எடுக்க 90 அருமையான லென்ஸ். விற்றுவிடாதீர்கள்.

கே: பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே மாட்டலாமா?

ப: நீள லென்ஸ்களுக்கு மாட்டலாம், வைடு லென்ஸுக்கு ஆகாது. 35 மி.மீ. வியூ கேமரா லென்ஸை இன்ஃபினிட்டிக்கு (வெகுதூர ஃபோகஸுக்கு) கொண்டுவர, லென்ஸ் போர்டு சென்சாரிலிருந்து 40 மி.மீ.க்குச் சற்று மேலே நிற்க வேண்டும். நிக்கான் எஃப் மவுண்ட்டில் (லென்ஸ் மாட்டும் வளையத்தில்) இருந்து சென்சார் வரைக்கு மட்டுமே 46.5 மி.மீ. போய்விடுகிறது. மிரர்லெஸ்ஸில் ஃபியூஜி ஜி.எஃப்.எக்ஸ். 26.7, சோனி இ மவுண்ட் 18. போதாததற்கு, ஷிஃப்ட் கொடுத்தால் (லென்ஸையோ சென்சாரையோ பக்கவாட்டிலோ மேலே கீழேயோ தள்ளினால்) டி.எஸ்.எல்.ஆரின் ஆழமான குழி மூலைகளில் நிழல் போடும். அடாப்டரின் தடிமன், பெல்லோஸ் (இரு சட்டத்துக்கும் நடுவில் உள்ள துருத்தி) எவ்வளவு தூரம் சுருங்கும் என்பது, இரண்டையும் அளந்து கூட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். "பொருந்துமா?" என்று கேட்டு எழுதுபவர்களில் பலர் இந்த இரண்டு எண்களையும் எழுதுவதே இல்லை.

கே: படத்தின் இடப்பக்கம் எப்போதும் மங்கலாக வருகிறது. லென்ஸை மாற்றியும் அதே கதை. மூன்றாவதாக எந்த லென்ஸ் வாங்கலாம்?

ப: எதையும் வாங்காதீர்கள். எந்த அப்பர்ச்சர், எத்தனை மி.மீ. ஷிஃப்ட், கட்டடம் எவ்வளவு தூரம் என்று எதுவும் நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் இரண்டு லென்ஸிலும் ஒரே பக்கம் மங்குகிறது என்ற ஒரு தகவலே போதும். உங்கள் முன் ஸ்டாண்டர்டும் (லென்ஸைத் தாங்கும் சட்டம்) பின் ஸ்டாண்டர்டும் (சென்சாரைத் தாங்கும் சட்டம்) இணையாக இல்லை.

இதை எத்தனை முறை எழுதினாலும் கடிதங்கள் நிற்பதில்லை. நல்ல லென்ஸ்களைக் குறை சொல்லி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 4×5 ஃபிலிமில் எஃப்/22 வைத்தால், கூர்மை கெடாமல் ஃபிலிம் முன்னே பின்னே நகர மொத்தம் 4 மி.மீ.க்கு மேல் இடம் இருந்தது. 3.76 மைக்ரான் பிக்சலில் எஃப்/8 வைத்தால் அந்த இடம் 0.1 மி.மீ.யை ஒட்டித்தான். ஸ்டாண்டர்டு வெறும் கால் டிகிரி கோணினாலே 44 மி.மீ. சென்சாரின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 0.2 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். ஃபிலிம் காலத்து மோனோரெயில் (ஒற்றைத் தண்டில் சட்டங்கள் நகரும்) கேமராவில் 'க்ளிக்' என்று நிற்கும் பூஜ்யம் இந்தக் கணக்குக்காகச் செய்யப்பட்டதல்ல. தேய்ந்த பூஜ்யம் என்றால் சொல்லவே வேண்டாம். பின்னால் தொங்கும் பாடியின் எடை வேறு ஸ்டாண்டர்டைக் கீழே இழுக்கும்.

சோதிக்கும் முறை இது. டில்ட் (முன்பின் சாய்வு), ஸ்விங் (இடவலத் திருப்பம்) எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பூட்டுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கட்டட வரிசையை எஃப்/5.6-இல் எடுங்கள். அவ்வளவு தூரத்தில் கேமரா கட்டடத்துக்கு நேராக நிற்கிறதா என்ற கவலையே இல்லை, இரண்டு ஓரமும் ஒன்றாகக் கூர்மையாக வர வேண்டும். ஒரு பக்கம் மங்கினால் லென்ஸை போர்டிலேயே தளர்த்தி 180 டிகிரி திருப்பி மறுபடி எடுங்கள். மங்கல் மறுபக்கம் போனால் லென்ஸில் கோளாறு. அதே பக்கத்தில் நின்றால் கேமராவில். கேமராதான் என்றால் ஸ்விங்கை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஓரங்கள் சமமாகும் இடத்தில் ஊசியால் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். அதுதான் இனி உங்கள் பூஜ்யம். பூட்டிய பிறகு லைவ் வியூவைப் பெரிதாக்கி ஃபோகஸை மறுபடி பாருங்கள். பூட்டும் திருகே ஸ்டாண்டர்டை நகர்த்தும்.

கே: மூன்று படம் எடுத்து ஒட்டும்போது முன்னால் உள்ள தூண் மட்டும் பொருந்த மறுக்கிறது. வேறு மென்பொருள் சொல்லுங்கள்.

ப: மென்பொருள் என்ன செய்யும்? நீங்கள் லென்ஸை நகர்த்தியிருக்கிறீர்கள். லென்ஸ் 15 மி.மீ. நகர்ந்தால் பார்வை இடமே 15 மி.மீ. நகர்கிறது, அருகிலுள்ள தூண் பின்சுவரை வேறு இடத்தில் மறைக்கும். நகர வேண்டியது பின் ஸ்டாண்டர்டு. சென்சாரை நிமிர்த்தி வைத்து நடுவில் ஒன்று, இருபுறமும் 15 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று எடுத்தால் 63×44 மி.மீ. படம் கிடைக்கும். அதற்கு லென்ஸின் இமேஜ் சர்க்கிள் (லென்ஸ் விழவிடும் படவட்டத்தின் விட்டம்) 77 மி.மீ. ஆவது வேண்டும். முன் ஸ்டாண்டர்டு மட்டுமே நகரும் கேமரா என்றால், லென்ஸ் நகர்ந்த அளவுக்குக் கேமரா முழுவதையும் எதிர்த்திசையில் தள்ளுங்கள். லென்ஸ் வெளியில் அதே இடத்தில் நின்றால் போதும்.

கே: ஷிஃப்ட் செய்தால் சுவர் ஒரு பக்கம் மெஜந்தா, மறுபக்கம் பச்சை. சென்சார் போய்விட்டதா?

ப: இல்லை. வைடு லென்ஸின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் இருப்பதால் ஓரத்தில் ஒளி சாய்ந்து விழுகிறது. பி.எஸ்.ஐ. சென்சாரில் (ஒளி பின்புறமாக விழும் வகை) இது குறைவு, ஆனால் ஒழிந்துவிடவில்லை. பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டை லென்ஸின் முகத்தோடு ஒட்டிப் பிடித்து, அதே ஷிஃப்ட், அதே அப்பர்ச்சர், அதே ஃபோகஸில் ஒரு எல்.சி.சி. படம் (நிறக் கறையைத் திருத்த உதவும் வெற்றுப் படம்) எடுங்கள். கேப்சர் ஒன் மென்பொருளில் அதற்கென்றே வசதி உண்டு, லைட்ரூம் கிளாசிக்கில் ஃப்ளாட் ஃபீல்டு கரெக்‌ஷன். ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். "நடுவில் ஒன்று எடுத்தேன், சரியாகவில்லை" என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

கே: ஃபிலிமில் போல எஃப்/22, எஃப்/32 வைக்கலாமா?

ப: வேண்டாம். எஃப்/22-இல் ஒளி விளிம்பில் வளைவதால் (டிஃப்ராக்‌ஷன்) ஒரு புள்ளி 30 மைக்ரான் அகலத்துக்குப் பரவும், பிக்சலோ 4 மைக்ரான்கூட இல்லை. எஃப்/8, மிஞ்சினால் எஃப்/11. ஆழம் போதவில்லை என்றால் டில்ட் கொடுங்கள், அல்லது ஃபோகஸை நகர்த்திப் பல படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: எல்.இ.டி. விளக்குள்ள அறையில் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறது.

ப: எலக்ட்ரானிக் ஷட்டரை அணையுங்கள். லென்ஸில் உள்ள கோப்பால் (Copal) ஷட்டரைத் திறந்தபடி வைத்துவிட்டு, பாடியின் மெக்கானிக்கல் ஷட்டரில் அரை நொடி, ஒரு நொடி என்று நீளமாக எடுங்கள். பட்டை இருக்காது.