இரண்டு சுரத்தில் தொடங்கலாம்

அன்பின் ஐயா,

நான் கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் தரம் 3 வகுப்பாசிரியை. என் வகுப்பில் 37 பிள்ளைகள். சுற்றாடல் பாடத்தோடு வரும் பாட்டையும் அபிநயத்தையும் இதுவரை நான் விட்டதில்லை. இந்தத் தவணைக் கூட்டத்தில், “தரம் 3இலேயே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் பழக்க வேண்டும், பாட்டுக் கூத்தைக் குறையுங்கோ” என்று சொல்லிவிட்டார்கள். பெற்றாரும் அதையே விரும்புகிறார்கள்.

சங்கீதம் படித்தால் கணிதம் நன்றாக வரும் என்று எங்கோ வாசித்தேன். பெற்றார் கூட்டத்தில் அதைச் சொல்லலாமா? இன்னொன்று: எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆரம்பப் பிரிவுக்குச் சங்கீத ஆசிரியரும் இல்லை. தெரியாத நான் தொடங்கினால் பிள்ளைகளைப் பிழையாகப் பழக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

வகுப்பில் ஒரு பையன் எந்நேரமும் மேசையில் தட்டிக்கொண்டே இருப்பான். வாசிப்பு மந்தம். போன கிழமை கிட்டப் போய்க் கேட்டேன். அது வெறும் தட்டல் இல்லை, ஒழுங்கான அடி. யார் சொல்லித் தந்தது என்றதற்கு, ஊரில் தாத்தா தப்பு மேளம் அடிப்பார் என்று என் காதுக்குள் சொன்னான். ஏன் காதுக்குள் சொன்னான் என்ற யோசனைதான் என்னை இதை எழுத வைத்தது.

ஓர் ஆசிரியை, கொட்டாஞ்சேனை

*

அன்பின் ஆசிரியைக்கு,

கணிதக் கதையைச் சொல்ல வேண்டாம். 1993இல் அமெரிக்காவில் 36 பல்கலைக்கழக மாணவர்களுக்கு மோட்சார்ட்டின் இசையைக் கேட்கவைத்துச் செய்த ஒரு பரிசோதனையிலிருந்துதான் இந்தப் பேச்சு ஊர் ஊராகப் பரவியது. உருவங்களை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் ஒருவகைத் திறன் அவர்களுக்குச் சற்றுக் கூடியது. 10, 15 நிமிடத்தில் அதுவும் போய்விட்டது. அவர்கள் சிறுபிள்ளைகளும் இல்லை, பார்த்தது கணிதத்தையும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டமொன்றில் எலன் வின்னரும் லொயிஸ் ஹெட்லன்டும், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். கலை படித்தால் மற்றப் பாடங்களில் புள்ளி கூடும் என்று நம்பிச் சொல்லப் போதிய ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வகுப்பறையில் பிள்ளைகள் நடித்துப் பழகினால் மொழித்திறன் வளர்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைத்தது. அதைப் பெற்றாரிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

கணிதக் கதை உண்மையாகவே இருந்தாலும் நான் சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்வேன். கணிதத்துக்காகப் பாட்டு என்று ஒரு தரம் ஒப்புக்கொண்டால், அடுத்த தவணையில் கணிதப் புள்ளி ஏறவில்லை என்று காட்டிப் பாட்டை நிறுத்துவது மிகச் சுலபம். அந்தக் காரணத்தை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது.

அதிபரிடம் சொல்லப் பலமான வேறு நியாயம் இருக்கிறது. 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றையும் வைத்துத்தான் வகுப்பறையை வகுத்தது. தரம் 3இலும் 4இலும் மூன்றுக்கும் ஒத்த இடம். ஆகவே பாட்டை விடாத நீங்கள் கலைத்திட்டப்படிதான் நடக்கிறீர்கள். அடுத்தது, தரம் 6இல் அழகியற் பாடமொன்றைத் தெரிவுசெய்யச் சொல்கிறோம்: சித்திரமா, சங்கீதமா, நடனமா, நாடகமா? முதல் ஐந்து வருடமும் ஒன்றையும் ருசி பார்க்காத பிள்ளை எதை வைத்துத் தெரிவுசெய்யும்? வெள்ளவத்தை ஒழுங்கைகளில் காசு கட்டி வாய்ப்பாட்டும் வயலினும் படித்து, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளில் ஒவ்வொரு தரமாக ஏறிவரும் பிள்ளைக்கு அது தெரிவு. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் மகளுக்கு, எந்த வகுப்பில் இடம் மிஞ்சியிருக்கிறதோ அது. ஆரம்பப் பிரிவில் பாட்டை வெட்டும்போது நாம் வெட்டுவது இந்த இரண்டாவது பிள்ளையினுடையதை. முதற்பிள்ளைக்குப் பின்னேரம் வகுப்பு எப்படியும் இருக்கும்.

இனி, உங்களுக்குச் சங்கீதம் தெரியாது என்ற பயம். இதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் நாலாம் வகுப்புப் படித்ததும் கொழும்பில்தான். வாணி விழாவுக்குக் கூட்டுப்பாடல் பழக்கினார்கள். ஆர்மோனியத்தை விட்டு எழும்பி வந்து ஒவ்வொருவரிடமும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு போன ஆசிரியை என்னிடம் நின்றார். “நீ வாயை மட்டும் அசை” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விழாவன்று வெள்ளைச் சேட்டும் விபூதியுமாக மூன்றாம் வரிசையில் நின்று முழுப் பாட்டுக்கும் வாயசைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மா சொன்னா, “உன்ர குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.”

பிறகு முப்பது வருடம் நான் பாடவில்லை. தேவாரம் பாடும் இடங்களில் பின்னுக்குப் போய் நிற்பேன். மகள் பிறந்து, இரவில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையில் நடந்த நாட்களில் தாலாட்டு தொண்டைவரை வந்து நின்றுவிடும். அம்மம்மா எனக்குப் பாடியதை என் பிள்ளைக்கு நான் கொடுக்கவில்லை. அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெகுகாலம் கழித்து, சங்கீதம் கற்பிக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்ட முதற் கேள்வி: “ஆர்மோனியம் எத்தனை கட்டையில் இருந்தது?” கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண். பெண்கள் வழக்கமாகப் பாடுவது ஐந்து, ஐந்தரைக் கட்டையில். அந்த ஆதார சட்சம், அதாவது பாட்டு நிலைகொள்ளும் ‘ச’, எட்டு வயதுக் குரலுக்கு மிகக் கீழே கிடக்கிறது. பாட்டு அதிலிருந்தும் இறங்கினால் அந்த இடத்துக்குப் பல பிள்ளைகளால் போகவே முடியாது. அவர்கள் அங்கே உறுமுவார்கள், அல்லது பேசுவார்கள். கேட்பவருக்குச் சுருதி சேராத பிள்ளை போலத் தெரியும். அன்று ஆர்மோனியத்தில் கட்டையை ஏற்றியிருந்தால் என் குரலும் சேர்ந்திருக்கக்கூடும்.

உங்களுக்கு உடனே தேவையான சங்கீத அறிவு இவ்வளவுதான். கைத்தொலைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றை இறக்கி, சட்சத்தை இரண்டு கட்டையில் வையுங்கள். எண் சிறிதானாலும், பிள்ளைகள் பாடும் இரண்டு கட்டை பெண்களின் ஐந்தரைக் கட்டைக்கு மேலே, அடுத்த வரிசையில் வருவது. சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் (‘ச’வுக்கும் ‘ப’வுக்கும்) இடையிலேயே நிற்கும் பாட்டுகளை எடுங்கள். அந்த அகலம் சிறுபிள்ளைக் குரலுக்கு இதம். உங்கள் குரலுக்கும் எட்டும். உரத்துப் பாடச் சொல்லாதீர்கள். “சத்தமாக” என்று கேட்டால் பிள்ளைகள் கத்துவார்கள், கத்தும்போது காது மூடிக்கொள்ளும்.

ஹங்கேரியின் இசையமைப்பாளர் சோல்தான் கோடாயின் வழியில் 1950இல் கெச்கெமேத் நகரில் ஓர் ஆரம்பப் பாடசாலை தொடங்கியது. அங்கே நாள்தோறும் பாட்டு உண்டு. அவர் முதலில் எடுத்தது தாய்மொழியின் நாட்டுப் பாட்டுகளை, அதிலும் இரண்டு மூன்று சுரத்துக்குள் முடிபவற்றை. நெருங்கிக் கிடக்கும் சுரங்களைச் சிறுபிள்ளைகள் பிடிப்பது கடினம் என்பதால் ஐந்து சுர அமைப்பிலிருந்து ஏறினார். நம் சங்கீதத்தின் முதற் பயிற்சியான சரளி வரிசை மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்குகிறது. அதில் சட்சத்தை ஒட்டியபடியே ரிஷபம், அதாவது ‘ரி’, நிற்கும். சங்கீதமே படிக்க வந்த பிள்ளைக்கு அது புரந்தரதாசர் தந்த நல்ல ஒழுங்கு. 37 பேர் உள்ள உங்கள் வகுப்புக்கு மோகன இராகத்தின் ஐந்து சுரங்கள் எளிது. கும்மி, ஊஞ்சற் பாட்டு, உங்கள் அம்மா பாடியது, எதுவானாலும் சரி. இராகத்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை.

போட்டிகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தமிழ்மொழித் தினப் போட்டி கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறும்போது பாடசாலை முழுவதும் எட்டுப் பிள்ளைகளின் பின்னால் ஓடுகிறது. அந்த எட்டுப் பேர் பாடட்டும், வெல்லட்டும். ஆனால் உங்கள் வகுப்பில் பாட்டுக்கு ஒதுக்கும் பத்து நிமிடத்தை அதற்குக் கடன் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தெரிவு இல்லை, முன்வரிசை இல்லை, புள்ளி இல்லை.

இப்போது அந்தப் பையன். அவன் ஏன் காதுக்குள் சொன்னான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செத்தவீட்டு மேளம் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருப்பார்கள், அல்லது வீட்டிலேயே “கொழும்பில் அதைச் சொல்லாதே” என்றிருப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் விடியப்புறம் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் திரளும் இடத்துக்கு, ஆளைக் கூப்பிட்டதும் தப்பு. திருவிழாவில் அடித்ததும் தப்பு. காமன் கூத்தை நடத்திக்கொண்டு போவதும் தப்பு. ஒரு மக்கள் கூட்டத்தின் நாளையும் பொழுதையும் அளந்த வாத்தியத்தை ஒரு பிள்ளை மேசையில் ஒளித்து வாசிக்க வேண்டியிருப்பது நம் எல்லோருக்கும் வெட்கம். தாத்தா கொழும்புக்கு வரும்போது வகுப்புக்குக் கூப்பிடுங்கள். அதிபர் மறுத்தால் பையனையே அடிக்கச் சொல்லி, மற்றப் பிள்ளைகள் அதைக் கைதட்டலில் திருப்பிச் சொல்லட்டும். ஆனால் முதலில் அவனிடம் தனியாகக் கேளுங்கள், அவன் சம்மதித்த பிறகு செய்யுங்கள்.

அவனைத் தொடர்ந்து மற்றவர்களிடமும் கேட்கலாம். தவக்காலத்தில் திருப்பாடுகளைப் பாடும் வீட்டுப் பிள்ளை கொச்சிக்கடையிலிருந்து வரும். சித்திரை வருடப்பிறப்புக்குப் பக்கத்து வீட்டில் றபான் அடிப்பதைக் கேட்ட பிள்ளை இருக்கும். பொன்னம்பலவாணேசர் கோயில் நாதசுரத்தைக் கேட்டபடி நித்திரையாகும் பிள்ளை இருக்கும். தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன்பாண் ஓட்டோ ஒலிக்கும் பீத்தோவன் மெட்டு எல்லோருக்கும் பாடம்.

வாசிப்புக்கும் அவனுடைய கையைத் துணைக்கு எடுக்கலாம். கரும்பலகையில் ‘பட்டம்’ என்று எழுதி அடிக்கச் சொல்லுங்கள்: பட்-டம், இரண்டடி. ‘பள்ளிக்கூடம்’, நாலடி. சொல் எங்கே உடைகிறது என்பதைக் கண் பிடிக்காத இடத்தில் விரல் பிடிக்கக்கூடும். இதனால் வாசிப்பு வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பத்துத் தரம் “சத்தம் போடாதே” என்று கேட்ட பிள்ளை, ஒரு தரமாவது “அடித்துக் காட்டு” என்று கேட்கும்.

திங்கட்கிழமை இடாப்புக் கூப்பிடுவதிலிருந்தே தொடங்குங்கள். ஒழுங்கைத் தலைப்பில் நின்று தாய் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு (‘ப’விலிருந்து ‘க’வுக்கு) இறங்கும் இரண்டே சுரத்தில் பெயரைப் பாடிக் கூப்பிடுங்கள். அதே இரண்டு சுரத்தில் “வந்தேன்” என்று பிள்ளை திருப்பிப் பாடட்டும். 37 பெயருக்கு நாலு நிமிடம்கூடச் செல்லாது. முதற் கிழமை சிலர் வெட்கத்தில் பேசத்தான் செய்வார்கள், சிலர் சுருதிக்குக் கீழே நிற்பார்கள். அவர்களுக்கும் வரவு மட்டும் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.