கிணற்றடிக்கு வரும் ஆய்வு முடிவுகள்: கேள்வி-பதில்

நீர் பற்றிய ஆய்வுகளை ஊர்ச் சனத்துக்கு எப்படிச் சொல்வது என்று மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வந்த கேள்விகளில் ஆறு.

எழுவான்கரைக் (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கரை) கிராமமொன்றில் கிணறுகளின் மின்கடத்துதிறனை (கரைந்த உப்பு கூடக் கூடும் அளவு) அளந்தேன். ஒன்றில் சென்ரிமீற்றருக்கு 1,850 மைக்ரோசீமன்ஸ். வீட்டுக்காரர் "இது நல்ல தண்ணியா, கூடாத தண்ணியா?" என்று கேட்கிறார். என்ன சொல்ல?
– இறுதியாண்டு மாணவி, வந்தாறுமூலை

"எதுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். குடிக்கவா, குளிக்கவா, வெங்காயத்துக்கா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

முதலில் எண்ணை மாற்றுங்கள். 1,850-ஐ 0.64-ஆல் பெருக்கினால் லீற்றருக்கு ஏறக்குறைய 1,180 மில்லிகிராம் கரைந்த உப்புகள் வரும். இந்தக் குணகம் தண்ணீருக்குத் தண்ணீர் 0.5 முதல் 0.7 வரை மாறும் என்பதால், "ஏறக்குறைய" என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள். வீட்டுக்காரருக்கு இப்படிச் சொல்லலாம்: ஐந்து லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புப் போட்ட அளவு. எல்லாமே கறியுப்பு அல்ல, சுண்ணாம்பு வகையும் அதற்குள் அடக்கம்.

குடிநீருக்கான இலங்கைத் தரநிலையான எஸ்.எல்.எஸ். 614 (2013) கரைந்த திண்மங்களுக்கு லீற்றருக்கு 500 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "இரண்டு மடங்குக்கு மேல் ஆபத்து" என்று எழுதினால் பிழை. உலக சுகாதார நிறுவனம் கரைந்த திண்மங்களுக்கு உடல்நல அடிப்படையில் எல்லையே வகுக்கவில்லை. 600-க்குக் கீழே சுவை நல்லது, 1,000-ஐத் தாண்டினால் வாய்க்குப் பிடிக்காது என்பதே அதன் கணக்கு. ஆகவே இது சுவைக்கான கோடு, நஞ்சுக்கான கோடு அல்ல. பிறசர் உள்ளவர் வீட்டில் இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரை எடுக்கச் சொல்லுங்கள். குளிக்க, உடுப்புத் தோய்க்கப் பயமில்லை.

தோட்டக்காரருக்குச் சொல்லவேண்டியது வேறு. வெங்காயம் 800 மைக்ரோசீமன்ஸ் வரை தாங்கும். 1,800 அளவில் விளைச்சல் காற்பங்கு குறையும் என்று சர்வதேசப் பாசன அட்டவணைகள் காட்டுகின்றன. அவரை தாங்கும் எல்லை 700, மிளகாய் வகைக்கு 1,000. எங்கள் மணலில் உப்பு மழையோடு இறங்கிவிடுவதால் பாதிப்பு கொஞ்சம் குறையலாம்.

அளந்த மாதத்தையும் எழுதிக் கொடுங்கள். மழை பெய்யும் மார்கழியில் அளந்த எண்ணை வறண்ட ஆவணியில் நம்பினால் பயிர் கருகும். வாளியால் மேல்நீரை அள்ளி அளந்தால் எண் குறைவாகக் காட்டும். உவர்நீர் பாரமானது, அடியில் தங்கும். மேலே ஓர் அடிக்குள் ஒன்று, அடிமட்டத்துக்கு அருகே ஒன்று என இரண்டு மாதிரி எடுங்கள்.

ஒரே கிணற்றுத் தண்ணீருக்கு ஓர் ஆய்வுகூடம் நைத்திரேற்று லீற்றருக்கு 9 மில்லிகிராம் என்கிறது, இன்னொன்று 40 என்கிறது. எதை நம்புவது?
– ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

இரண்டும் சரியாக இருக்கலாம். ஒன்று நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டது, மற்றது முழு நைத்திரேற்றாகக் கணக்கிட்டது. 9-ஐ 4.43-ஆல் பெருக்கினால் 39.9. குடிநீர் எல்லை முழு நைத்திரேற்றுக்கு 50 மில்லிகிராம். நைதரசனாகச் சொன்னால் 11 அளவு. அறிக்கையில் அலகுக்குப் பக்கத்தில் எந்த வடிவம் என்று எழுதாத ஆய்வுகூடத்திடம் தயங்காமல் கேளுங்கள். இந்தக் குழப்பம் அறிவித்தலுக்குள் புகுந்தால் எல்லை தாண்டிய கிணறு நல்ல கிணறாகிவிடும்.

மக்களுக்கு முதலில் சொல்லவேண்டியது இது: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக ஆக, மிஞ்சியதில் அது இன்னும் செறியும். அதிகம் கவலைப்படவேண்டியது ஆறு மாதத்துக்கு உட்பட்ட, பால்மாக் குடிக்கும் குழந்தைகளுக்கு. எனவே இந்தச் செய்தி ஊர்க் கூட்டத்துக்கு முன்னர் குடும்பநல உத்தியோகத்தரிடம் போகவேண்டும். எந்த வீட்டில் கைக்குழந்தை உண்டென்று அவருக்குத்தான் தெரியும்.

கிணற்று வரைபடத்தைக் கூட்டத்தில் காட்டினோம். சிவப்பில் விழுந்த வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.
– கள உத்தியோகத்தர், ஓட்டமாவடி

அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. காணி விலை, வாடகை, மாப்பிள்ளை வீட்டார் பேச்சு எல்லாம் அந்த நிறத்தில் தொங்குகிறது. முடிவை முதலில் வீட்டுக்காரரிடம் தனியாகக் கொடுங்கள், கூட்டம் பிறகு. கிணற்றின் ஆள்கூறுகளை (அகலாங்கு, நெட்டாங்கு பாகைகள்) வெளியிடும்போது இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீற்றர் அளவுக்கு மங்கும். மூன்று தசமம் என்றால் நூறு மீற்றருக்குள் வந்து, ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொரு பிழை வரைபட மென்பொருளில் இருக்கிறது. இருபது கிணற்றை வைத்துக்கொண்டு அது இடைவெளியெல்லாம் நிறம் தீட்டும், வாவிக்கு மேலாலும் தீட்டும். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் வாவி கிடக்கையில் இரு கரைக் கிணறுகளையும் ஒரே சாயத்தால் இணைப்பது கற்பனை. வாவியை வெட்டி எடுத்துவிட்டு இரு கரையையும் தனித்தனியே வரையுங்கள். கிணறு குறைவென்றால் நிறப்பரப்பே வேண்டாம், புள்ளிகள் போதும். சிவப்பு-பச்சைக்குப் பதில் நீலத்தின் வெளிர், அடர் சாயல்கள். நிறக்குருடு உள்ளவருக்கும் தெரியும், கோபமும் குறையும்.

கடல்நீர் புகுந்த கிணற்றை மோட்டார் போட்டு முழுக்க இறைக்கக்கூடாது என்கிறார்கள். ஏன் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வழி உண்டா?
– விஞ்ஞான ஆசிரியை, கல்முனை

உண்டு. அதற்கு முன் காரணம். கரையோர மணலில் நன்னீர் உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை இருக்கும் என்பது பாடக்கணக்கு. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025 என்பதால் வருவது. மேலே ஓர் அடியை இறைத்தால் கீழே உவர் நாற்பது அடி எழும்பப் பார்க்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இக்கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். உப்பைக் கழுவியதில் இறைப்பைவிட மழைக்கே பெரிய பங்கு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. சேற்றையும் குப்பையையும் எடுக்க ஒரு தடவை மெதுவாக இறைக்கலாம். வற்ற இறைத்தால் உவர் ஏறும், மணலில் கிணறே இடியவும் கூடும். இறைத்த தண்ணீரைக் கிணற்றடியிலேயே விட்டால் திரும்பி உள்ளே வரும்.

செய்முறை: ஐந்து லீற்றர்ப் பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி எடுங்கள். கழுவிய ஆற்று மணலை 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இடுங்கள். கடல் மணலைக் கழுவாமல் போட்டால் கலங்கும், பொடிமணல் அடைக்கும். லீற்றருக்கு 35 கிராம் உப்பும் கேசரி நிறமும் கரைத்து, அடிவரை செருகிய குழாய் வழியே அரைமட்டம் வரை ஊற்றுங்கள். நல்ல தண்ணீரை ஒரு கரண்டியின் முதுகில் விழவிட்டு, மணல் மூடும்வரை ஊற்றுங்கள். அவசரப்பட்டால் இரண்டும் கலந்து காட்சி கெடும், பத்தில் ஒன்பது தடவை கெடுவது இங்கேதான். நுனியில் துணி கட்டிய ஸ்ட்ரோவை மேல் 3 சென்ரிமீற்றரில் செருகி, ஊசிமருந்துச் சிறிஞ்சால் மெதுவாக உறிஞ்சினால் தெளிந்த நீர் வரும். ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டே போனால் நிறம் வரும். பிள்ளைகள் சத்தம் போடுவது அப்போதுதான்.

"தண்ணீரால் சிறுநீரக நோய்" என்று தலைப்பிடலாமா?
– செய்தியாளர், அம்பாறை

கூடாது. தெஹியத்தகண்டி போன்ற பகுதிகளில் காணப்படும் அந்த நோயின் பெயரிலேயே "காரணம் அறியப்படாத" என்ற சொல் இருக்கிறது. தண்ணீரின் புளோரைட்டும் வன்மையும், விவசாய இரசாயனம், வெயிலில் நீரிழப்பு என்று பல சந்தேகங்கள் ஆராயப்படுகின்றன. "நோயாளிகள் குடித்த கிணறுகளில் புளோரைட்டு அதிகம்" என்றால் அது ஒரு தொடர்பு, அவ்வளவே. புளோரைட்டுக்கு எஸ்.எல்.எஸ். எல்லை லீற்றருக்கு 1.0 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவன எல்லை 1.5, எதை வைத்து "அதிகம்" என்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

குளத்து நீர்க் கணக்கைப் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? மில்லியன் கனமீற்றர் என்றால் யாரும் கேட்பதில்லை.
– கமக்கார அமைப்பு, சம்மாந்துறை

ஏக்கர்-அடியில் (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்) சொல்லுங்கள். ஒரு மில்லியன் கனமீற்றர் 811 ஏக்கர்-அடி. சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு சுமார் 950 மில்லியன் கனமீற்றர், அதாவது 770,000 ஏக்கர்-அடி. அதோடு நிறுத்தாமல், இருக்கும் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு, எத்தனை தண்ணீர்முறைக்குப் போதும் என்று சொல்ல வேண்டும். வாய்க்கால் இழப்பைக் கழித்த பின்னுள்ள எண்ணாக அது இருக்கட்டும்.

குளத்து அளவுகோலைப் பார்த்து "பாதி உயரம், பாதித் தண்ணி" என்று விவசாயிகள் கணக்கிடுவார்கள். குளத்தின் மேல் அடி அகலமானது, கீழ் அடி ஒடுங்கியது. பாதி உயரத்தில் பாதியைவிட நன்றாகக் குறைவாகவே இருக்கும். ஒரு தாச்சியைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய், பாதி உயரம் தண்ணீர் விட்டு, அதைச் செம்பால் அளந்து காட்டுங்கள்.