கேள்வி–பதில்: வற்றாத குளத்தில் கெண்டை வளர்ப்பு

கேள்வி: எங்கள் ஒரு ஏக்கர் குளம் கோடையிலும் முழுமையாக வற்றுவதில்லை. சென்ற ஆண்டு விட்ட கெண்டைக் குஞ்சுகளில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. மழைக்காலத்துக்கு முன் குளத்தை எப்படித் தயார் செய்வது?

பதில்: குஞ்சுகளை விராலும் கெளுத்தியும் விழுங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். அடிமண் வெடிக்கும்வரை காயவிடுவதே சிறந்த வழி என்றாலும், உங்கள் குளத்தில் அதற்கு இடமில்லை என்பதால், முதலில் ஆகாயத்தாமரையை வேரோடு அகற்றிவிட்டு, நீர் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குறைந்திருக்கும் சமயத்தில் சுமார் 1,000 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்து, குளம் முழுவதும் பரவலாகத் தெளியுங்கள். இதிலுள்ள சப்போனின் என்ற நச்சுப்பொருள் மீன்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதால், சில மணி நேரத்திலேயே அவை மேலே வந்து தத்தளிக்கும். உடனே வலையிட்டு எடுத்துவிட வேண்டும். நச்சு தணிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதன் பின் புண்ணாக்கே உரமாகிவிடுவதால், தொடக்கத்தில் சாணம் கொட்டத் தேவையில்லை. (பலர் இரண்டையும் இட்டு நீரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.)

ஏக்கருக்குச் சுமார் 100 கிலோ சுண்ணாம்பு போதும்; மண் புளிப்பாக இருந்தால் கூட்டலாம்.

குஞ்சு விடும் முன், காலை வெயிலில் முழங்கை வரை கையை நீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை இளம்பச்சை நீரில் மங்கி மறைந்தால், மீன்களுக்கு உணவாகும் நுண்ணிய மிதவை உயிரிகள் நன்கு பெருகியுள்ளன எனக் கொள்ளலாம். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் இன்னும் சில நாள் பொறுக்கவும். மேல்மட்டத்தில் மேயும் கட்லா, நடுமட்டத்தின் ரோகு, அடிமட்டத்தின் மிர்கால் ஆகிய மூன்றையும் கலந்து, விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சுகளாகவே வாங்கி விடுங்கள்.