வாசகர் கேள்வி – பதில்: ஆளுமை வகை பார்த்துப் பயிற்சி தரலாமா?

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆளுமைத் தேர்வுகளையும், அவற்றை வைத்து ஆட்களை வழிநடத்துவதையும் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராக இருக்கிறேன். மனிதவளப் பிரிவினர் எங்கள் அனைவருக்கும் எம்.பி.டி.ஐ. (மையர்ஸ்-பிரிக்ஸ் வகைகாட்டி) என்ற ஆளுமைத் தேர்வை நடத்தி, ஆளுக்கொரு நான்கெழுத்து வகையைக் கொடுத்திருக்கிறார்கள். இனி அந்தந்த வகைக்கு ஏற்பவே ஒவ்வொருவருக்கும் பயிற்சி தர வேண்டுமாம். குழுவில் ஒரு பெண் அதிகம் பேசமாட்டார். 'இவர் இன்ட்ரோவர்ட், வாடிக்கையாளர் கூட்டங்களைத் தவிர்க்கலாம்' என்று அவருடைய அறிக்கையில் குறிப்பு இருக்கிறது. நான் என்ன செய்வது? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்தப் பெண்ணை அடுத்த கூட்டத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அதற்கு முன்பு அவரோடு அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள்.

அந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பது விளங்கும். அகமுக ஆளுமை (இன்ட்ரோவர்ட்), புறமுக ஆளுமை (எக்ஸ்ட்ரோவர்ட்) என்ற பாகுபாட்டைச் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். அதனால் ஈர்க்கப்பட்ட கேத்தரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் அந்தக் கருத்துகளை வளர்த்தெடுத்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இசபெல் அவற்றை ஒரு வினாத்தாளாக்கினார். இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். போர்க்காலத்தில் வேலைக்கு வந்த பெண்கள் தமக்குப் பொருத்தமான பணியைக் கண்டுகொள்ள உதவ வேண்டும் என்ற அவர்களுடைய எண்ணம் நல்ல எண்ணம்தான். குறை, அளக்கும் முறையில் இருக்கிறது. நான்கு பண்புகள் ஒவ்வொன்றிலும் ஆளை இரண்டில் ஒரு பக்கம் தள்ளி, அதற்கு ஓர் எழுத்தைக் கொடுக்கிறது இந்தத் தேர்வு. 165 செ.மீ.க்கு மேலிருப்பவர்களை எல்லாம் நெட்டை என்றும் மற்றவர்களை எல்லாம் குட்டை என்றும் இரண்டே பெட்டிகளில் அடைத்தால், 164 செ.மீ. உள்ளவரும் 166 செ.மீ. உள்ளவரும் வெவ்வேறு இனத்தவராகிவிடுவார்கள். ஆளுமைப் பண்புகளிலும் மக்களில் பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள். ஓரிரு கேள்விகளுக்குப் பதிலை மாற்றிக் குறித்தால் எழுத்தே மாறிவிடும். ஐந்து வார இடைவெளியில் மீண்டும் எழுதியவர்களில் பாதிப்பேர் வரை வேறு வகையில் போய் விழுந்ததை, டேவிட் பிட்டெங்கர் என்ற உளவியலாளர் 1993இல் எழுதிய மதிப்பாய்வில் சுட்டிக்காட்டினார். இன்றைய ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் 'ஐம்பெரும் பண்புகள்' முறை இப்படி வகை பிரிப்பதில்லை. புதியதை ஏற்கும் நாட்டம், பொறுப்புணர்வு, புறமுக நாட்டம், இணக்கம், மனக்கலக்கம் என்ற ஐந்தும் ஒருவரிடம் எவ்வளவு இருக்கின்றன என்பதை மட்டுமே அது அளவுகோலில் குறிக்கும்.

இனி அந்தப் பெண்ணின் அமைதிக்கு வருவோம். கூட்டத்தில் ஒருவர் பேசாமலிருப்பதற்கு இயல்பைத் தவிர எத்தனையோ காரணங்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பலர், ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் வாக்கியத்தை மனத்துக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த பொருளுக்குத் தாவிவிடுகிறது. முன்பொருமுறை பேசத் தொடங்கியபோது ஒருவர் குறுக்கே விழுந்து பேசியிருக்கலாம். வயதில் மூத்தவர்கள் இருக்கும் இடத்தில் கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்று வீட்டில் பழகியிருக்கலாம். அல்லது, அந்தத் திட்டத்தில் தன் பங்கு எது என்பதே அவருக்குத் தெளிவாகச் சொல்லப்படாமலிருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. எல்லாவற்றுக்கும் 'இன்ட்ரோவர்ட்' என்ற ஒரே பெயரை ஒட்டிவிட்டால், தீர்வு தேட வேண்டிய கடமையிலிருந்து நிறுவனம் தப்பித்துக்கொள்கிறது. அந்தப் பெண்ணின் பதவி உயர்வு அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தக் குறிப்பைக் கண்டு எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

தனியாகப் பேசும்போது, "கடைசியாக நடந்த கூட்டத்தில் எதையாவது சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டீர்களா? எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். "நீங்கள் ஏன் பேசுவதில்லை?" என்று கேட்டால் அது குற்றச்சாட்டாகக் காதில் விழும். கூட்டத்துக்கு முந்தைய நாளே நிகழ்ச்சி நிரலை அனுப்பி, அவர் எழுதிய பகுதியை விளக்கும் பத்து நிமிடத்தை மட்டும் அவரிடம் விடுங்கள். குறுக்கே பேசுபவரைத் தடுக்கும் வேலை உங்களுடையது. கூட்டம் முடிந்த அன்றே, நன்றாக அமைந்த ஓர் இடத்தையும் அடுத்த முறை மாற்ற வேண்டிய ஓர் இடத்தையும் குறிப்பாகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் பிறகும், எழுத்தில் கருத்துத் தெரிவிப்பதே தமக்கு உகந்தது என்று அவரே சொன்னால், அப்போது அதை ஏற்றுக்கொள்ளலாம். முடிவு அவருடையதாக இருக்கும்.

கேள்வி: நீங்கள் என்ன சொன்னாலும், இணையத்தில் நான் எழுதிய தேர்வின் முடிவு என்னை அப்படியே படம்பிடித்தது போல் இருந்தது. பொய்யாக இருந்தால் எப்படி இவ்வளவு பொருந்தும்? – வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பொருந்துவதாகத் தோன்றுவது மட்டுமே சான்றாகிவிடாது. பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஒருவாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அறிக்கை கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. பிறகுதான் எல்லார் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை என்பதும், அதன் வரிகளில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பதும் மாணவர்களுக்குத் தெரியவந்தது. 1949இல் அவர் இதை வெளியிட்டார். 'சில வேளைகளில் நீங்கள் கலகலப்பாகப் பழகுவீர்கள். வேறு சில வேளைகளில் ஒதுங்கியிருப்பீர்கள்' என்ற வகை வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது?

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. உங்களுக்கு வந்ததற்கு நேர் எதிரான வகையின் விளக்கத்தை, பெயரை மறைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். அதிலும் பாதி உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். மாணாக்கரை வகைப்படுத்துவது மேலைநாட்டார் கண்டுபிடிப்பன்று, நன்னூலிலேயே இருக்கிறதே? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, மிகச் சரியான நினைவூட்டல். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், அன்னமும் ஆவும் போன்றோர் முதல் மாணாக்கர் என்றும், மண்ணும் கிளியும் போன்றோர் இடை மாணாக்கர் என்றும், இல்லிக்குடமும் (ஓட்டைக் குடம்) ஆடும் எருமையும் நெய்யரியும் (நெய் வடிகட்டி) போன்றோர் கடை மாணாக்கர் என்றும் வகுத்துச் சொல்கிறார். ஆனால் அவர் பார்ப்பது பாடம் கேட்கும்போது மாணாக்கர் நடந்துகொள்ளும் விதத்தை. கிடைத்ததை உண்டு பின்பு அசைபோடுகிறது பசு. ஒரு செடியிலும் நிலைக்காமல் நுனிப்புல் மேய்கிறது ஆடு. நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைக்கிறது நெய்யரி. இவையெல்லாம் வகுப்பறையில் கண்ணால் காணக்கூடியவை. நிலம் உழவனின் உழைப்புக்கேற்ற விளைவைத் தரும் என்பதால், மண் போன்ற மாணாக்கனைப் பொறுத்தவரை பொறுப்பின் பெரும்பகுதி ஆசிரியர் மேலேயே விழுகிறது.

பயிற்சி தருபவர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியது அதே பாயிரத்தில் ஆசிரியர் பாடஞ்சொல்லும் முறையைப் பற்றி வரும் பகுதி என்பது என் கருத்து. விரையாமலும் வெகுளாமலும், விரும்பி முகமலர்ந்து, 'கொள்வோன் கொள்வகை அறிந்து' கொடுக்க வேண்டும் என்கிறது அது. ஒரு பிள்ளையை எருமை என்று வகுப்பில் அழைப்பதற்கு நன்னூலைத் துணைக்கு இழுத்தவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பகுதியை அவர்களும் படித்திருக்க வேண்டும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். வாலிபால் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு பயிலரங்கில் 'டிஸ்க்' என்ற முறையைச் சொல்லி, வீரர்களை நான்கு வகையாகப் பிரித்துப் பயிற்சி தரச் சொன்னார்கள். என் அணியில் ஒருவன் எல்லார் முன்னிலையிலும் திருத்தினால் முகம் சுருங்கி ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். இன்னொருவனுக்கு அதட்டினால்தான் காதில் ஏறுகிறது. இவர்களை எந்த வகையில் சேர்ப்பது? – வாசகர், திண்டுக்கல்

பதில்: எந்த வகையிலும் சேர்க்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரிகளே அந்த நான்கு வகைகளைவிட நுட்பமானவை. டிஸ்க் முறைக்கு அடிப்படையான கருத்தை வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் 1928இல் முன்வைத்தார். அதை வினாத்தாளாக்கி விற்றவர்கள் அவருக்குப் பின் வந்தவர்கள்.

இருவரையும் ஒப்பிடும் முன், ஒவ்வொருவனும் எந்தத் திறனில் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று பாருங்கள். குணத்தைவிட இதுவே பயிற்சியைப் பெரிதும் தீர்மானிக்கிறது. புதிதாகக் கற்பவனுக்குச் செய்துகாட்டி, ஒரே ஒரு குறிப்பைச் சொல்லி, பலமுறை செய்யவிட வேண்டும். அவனிடம் "என்ன தவறு என்று நீயே சொல்" என்றால் விழிப்பான். தேர்ந்த லிஃப்டருக்கு (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) அதே விளக்கத்தைத் திரும்பச் சொன்னால் சலிப்பு வரும், "எதிரணியின் பிளாக் எங்கே நின்றது? ஏன் அந்தப் பக்கம் தூக்கினாய்?" என்ற கேள்வி அவனை வளர்க்கும். ஒரே பையன் சர்வீஸ் போடுவதில் தேர்ந்தவனாகவும், எதிரணியின் சர்வீஸை எடுப்பதில் கற்றுக்குட்டியாகவும் இருப்பான். அவனுக்கு ஒரே மாலையில் இருவகைப் பயிற்சியும் தேவைப்படும்.

குணம் எதுவாயினும் பெரும்பாலோருக்கும் உதவும் ஒன்றையும் சொல்கிறேன். கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் பிறரும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகளில், தன் உடலுறுப்பின் மீது கவனத்தை வைப்பவர்களைவிட, அசைவின் விளைவின் மீது கவனத்தை வைப்பவர்கள் விரைவாகக் கற்கிறார்கள் என்பது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. "முழங்கையை மடக்காதே, தோளை இறக்கு" என்பதற்குப் பதிலாக, "பந்து லிஃப்டரின் தலைக்கு மேலே போய் இறங்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள்.

முகம் சுருங்குகிற பையனைத் தண்ணீர் குடிக்க ஓரமாக வரும்போது திருத்துங்கள். குரலைத் தாழ்த்தி, ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அவன் உள்ளே போய் ஆடும் அடுத்த சில பந்துகளைப் பாருங்கள். சொன்னது அவனிடம் சேர்ந்ததா என்பதை அந்தப் பந்துகள் காட்டிவிடும். அதட்டினால்தான் கேட்கிறான் என்ற பையனைப் பற்றி எனக்கு வேறோர் ஐயம் இருக்கிறது. அதட்டல் வரும்வரை சொன்னதைச் செய்யாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதை வீட்டிலோ பள்ளியிலோ அவன் பழகியிருக்கக்கூடும். சாதாரணக் குரலில் ஒருமுறை சொல்லுங்கள். செய்யவில்லையென்றால் கோபப்படாமல் அவனை வெளியே உட்காரவைத்து அடுத்த பையனை இறக்குங்கள். சில வாரம் தவறாமல் இப்படிச் செய்தால் உங்கள் சாதாரணக் குரலுக்கே மதிப்பு வந்துவிடும் என்று நம்புகிறேன்.

கேள்வி: என் மகன் 'பார்த்துக் கற்கும் வகை' என்று டியூஷன் மையத்தில் சொல்லி, படங்கள் நிறைந்த தனிப்பாடத் தொகுப்புக்குக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா? – வாசகி, மதுரை

பதில்: கட்ட வேண்டாம். ஹெரால்ட் பாஷ்லரும் மற்ற மூன்று உளவியலாளர்களும் 2008இல் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. நிலப்படத்தை எல்லாரும் பார்த்துத்தான் கற்க வேண்டும். உச்சரிப்பை எல்லாரும் கேட்டுத்தான் கற்க வேண்டும். மகனைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததை நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இது நெடுநாள் நினைவில் நிற்க உதவும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. செலவு ஒரு நோட்டுப்புத்தகம்.

கேள்வி: சிறு தொழிற்சாலை நடத்துகிறேன். மேற்பார்வையாளர் பணிக்கு ஆள் எடுக்கும்போது எம்.பி.டி.ஐ. தேர்வைப் பயன்படுத்தலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. ஆள் தெரிவுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அத்தேர்வை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். விண்ணப்பித்த எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் குறியுங்கள். பிறகு அந்த வேலையிலிருந்தே ஒரு துண்டைச் செய்யக் கொடுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டது, இரண்டு பேர் விடுப்பில் இருக்கிறார்கள், மாலைக்குள் சரக்கு போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முதல் ஒரு மணி நேரத்தில் யாரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். சேர்த்துக்கொண்ட பிறகு அவருக்கு எந்தப் பயிற்சி தேவை என்பதும் அந்தப் பதிலிலேயே ஓரளவு தெரிந்துவிடும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.