நாடித்துடிப்பு 44, விதையில் ஒரு கட்டி

கேள்வி: எனக்கு 24 வயது. சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொள்கிறேன், வாரத்துக்கு 350 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு 44தான். இரண்டு மாதமாக இடது விதையில் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது. வலி இல்லை. சீட் அழுத்தியதால் வந்ததுதானே, டாக்டர்? இவ்வளவு தெம்பாக இருப்பவனுக்கு வேறு என்ன வரப்போகிறது? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, இந்த வாரமே ஒரு சிறுநீரியல் மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள். நேரம் வாங்கிவிட்டு மீதியைப் படியுங்கள்.

44 என்பது உங்கள் உழைப்புக்குக் கிடைத்த பலன். வருடக்கணக்கில் மிதித்து மிதித்து இதயத்தின் இடது கீழறை விரிந்திருக்கும். ஒரு துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளுவதால் அடிக்கடி துடிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இதயம் விதையில் வரும் நோயைத் தடுக்காது. விதைப் புற்றுநோய் அதிகம் வருவதே 15 முதல் 40 வயதுக்குள்தான். அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1996 ஆகஸ்டில் ஒலிம்பிக் தனிநபர் நேரப் பந்தயத்தில் 6-ஆவதாக வந்தார். அக்டோபரில் நோய் தெரிந்தபோது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அப்போது அவருக்கு வயது 25. பின்னாளில் ஊக்கமருந்தால் பட்டங்களை இழந்தார், அது வேறு கதை. இத்தாலிய வீரர் இவான் பஸ்ஸோ 2015 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் விழுந்தபின் விதையில் வலி இருந்ததால் சோதனைக்குப் போனார். சீக்கிரமே கண்டுபிடித்ததால் பிழைத்துக்கொண்டார்.

நானும் சைக்கிள் ஓட்டுகிறவன். சீட் தரும் தொல்லை எனக்குத் தெரியும். மரத்துப்போகும், தோல் உரியும், கொப்புளம் வரும். சில நாள் வண்டியைத் தொடாவிட்டால் தணிந்துவிடும். விதைக்குள்ளேயே இரண்டு மாதம் கெட்டியாக நிற்பது அந்த ரகம் இல்லை. என்னிடம் வந்த ஒரு இளைஞர், டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு, மூன்று சீட் மாற்றிப் பார்த்திருந்தார். பத்து நிமிடம் முழங்கால் வலியைப் பற்றியே பேசினார். எழுந்து கதவைத் திறக்கும்போதுதான், 'இன்னொன்று சார்' என்றார். நல்லவேளை, அன்றைக்காவது சொன்னார்.

போனதும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். வலிக்காது. ரத்தத்தில் புற்றைக் காட்டிக்கொடுக்கும் சில பொருட்கள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் ஒன்று, கர்ப்பப் பரிசோதனையில் தேடுகிற அதே ஹார்மோன். வெறும் நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். புற்றாக இருந்தால் அடிவயிற்று மடிப்பு வழியாக அந்த விதையை எடுத்துவிடுவார்கள். ஆரம்ப நிலையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். மற்ற விதை நன்றாக இருந்தால் ஆண்மைக்கும் குழந்தைக்கும் பெரும்பாலும் அதுவே போதும். இருந்தாலும் சிகிச்சைக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிக் கேளுங்கள். கீமோ தேவைப்பட்டால், பந்தய வீரர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ப்ளியோமைசின் என்ற மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடும். ஆம்ஸ்ட்ராங்குக்கு அதனால்தான் மருந்தை மாற்றினார்கள்.

சரி, ஸ்கேனில் என்ன வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.