உதைக்காதீர்கள், முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன வாரம் எழுதியதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் பட்டறை வைத்திருப்பவன் இல்லை. கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இதுவரை ஏழு வண்டிகளைக் கிளப்பப் பார்த்ததில் ஆறு கிளம்பின.

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மலேசியாவில் கூலாயில் மாமா வீட்டுக் கொட்டகையில் ஹோண்டா சி70 பதினோரு வருடமாக நிற்கிறது. எனக்கு ஸ்பானர் பிடித்துப் பழக்கம் இல்லை. புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்துப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. எல்லோரும் அதைத்தான் முதலில் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். இத்தனை வருடம் நின்ற எஞ்சினில், சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டனின் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம், அந்த நிலையில் முழு பலத்தோடு உதைத்தால் ரிங் உடையும், இல்லையென்றால் சுவரில் கீறல் விழும், ஓசியில் கிடைத்த வண்டிக்குச் செலவு வைத்தது நீங்களாகவே இருப்பீர்கள்.

டேங்கைக் காலி செய்து, பேட்டரியையும், பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். பிளக் ஓட்டை வழியாக இரண்டு மூன்று தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விடுங்கள். சி70-க்கு சிலிண்டர் படுத்த மாதிரி இருக்கும், அதனால் எண்ணெய் அடிப்பக்கமே தேங்கும், மேல் பக்க ரிங்குக்குப் போகாது. முன்சக்கரத்தை ஒரு பெஞ்சின் மேல் தூக்கி வைத்தால் எண்ணெய் பிஸ்டன் பக்கம் இறங்கும். ஓர் இரவு அப்படியே விடுங்கள், முடிந்தால் அடுத்த வாரம் வரை விடுங்கள்.

அப்புறம் இடப்பக்க மூடியைக் கழற்றினால் வட்டமான காந்தச் சக்கரம் தெரியும். அதன் நடு நட்டில் ஸ்பானர் போட்டு, சக்கரம் முன்னால் உருளும் திசையில் மெதுவாகத் தள்ளுங்கள். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. அசையாவிட்டால் இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் ஒரு வாரம். குழாய் போட்டு நீட்டி மிதிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

அதே தம்பி, இன்னொரு கேள்வி: ஓட ஆரம்பித்ததும் கடற்பாலம் தாண்டி இங்கே ஓட்டி வரலாமா?

முடியாது. மலேசியப் பதிவெண் வண்டியைச் சிங்கப்பூர்வாசிகள் இங்கே ஓட்டக் கூடாது. இவ்வளவு பழைய வண்டியை இங்கே பதிவு செய்யவேண்டுமென்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழமை வாகனத் திட்டம் ஒன்றுதான் வழி, அதற்கு வண்டிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்கவேண்டும், வருடத்தில் குறிப்பிட்ட நாட்கள்தான் ஓட்டலாம்.

இங்கேயே பதிவான பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓடக் கூடாது, பழமை வாகனத் திட்டங்களில் இருப்பவற்றுக்கு மட்டும் விலக்கு. சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்து பதிவு ரத்தான வண்டியை நினைவாக வைத்துக்கொள்ளவும் முடியாது, ஒரு மாதத்துக்குள் அப்புறப்படுத்தவேண்டும். எண்ணெய்க் கறை படுவதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். உங்கள் வண்டி கூலாயிலேயே இருக்கட்டும் தம்பி, சனிக்கிழமை அங்கே போக ஒரு சாக்கு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸிலிருந்து ஒரு தங்கை: அப்பாவுடைய வண்டி ஒன்றரை வருடம் ஓடவில்லை. பெட்ரோலைத் திறந்தால் கார்ப்பரேட்டருக்குக் கீழே இருக்கும் குழாயில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கார்ப்பரேட்டர் போய்விட்டதா?

போகவில்லை, உள்ளே பசை பிடித்திருக்கிறது. நிற்கிற வண்டியை முதலில் கெடுப்பது பெட்ரோல்தான். அது ஆவியாகி, மிச்சம் பசையாகிப் பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். கார்ப்பரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பி ஓர் ஊசியால் வழியை மூடும், அந்தப் பசை ஊசியைப் பிடித்துக்கொண்டால் பெட்ரோல் நிற்காது. முதலில் கிண்ணத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள், சில சமயம் அதிலேயே ஊசி விடுபடும்.

நிற்காவிட்டால் கழற்றத்தான் வேண்டும், ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியின் நுனியில் வளையம் மாதிரி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே சளக் என்றால் ஓட்டை. ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் திருகு, அதன் நடு ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவுக்கு வட்டமாக வெளிச்சம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து நைலான் நரம்பால் குத்துங்கள். எஃகுக் கம்பி வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும்.

பக்கவாட்டில், காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் சின்ன மிக்ஸர் திருகைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே முடுக்கி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். நான் ஒருமுறை எண்ணாமல் கழற்றி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன்.

எஞ்சின் எண்ணெயையும் முகர்ந்து பாருங்கள். ஒழுகிய பெட்ரோல் சில சமயம் எஞ்சினுக்குள்ளேயே இறங்கியிருக்கும், வாடை வந்தால் எண்ணெயை மாற்றாமல் கிளப்பாதீர்கள்.

இன்னொருவர்: டேங்குக்குள் துரு. புது டேங்க் வாங்கவேண்டுமா?

ஓட்டை விழாதவரை வேண்டாம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவோமே, அதே கதைதான், புளிப்பு துருவைத் தின்னும். வெள்ளை வினிகரை நிரப்பி ஓரிரு நாள் விட்டு, கொட்டி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே காயவைத்து உள்ளே கொஞ்சம் எண்ணெய் சுழற்றிவிடுங்கள். நம்ம ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, காயவைக்காமல் சாப்பிடப் போய் வந்தால் மறுபடி செம்மண் நிறம் ஏறியிருக்கும். பழைய பெட்ரோலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், பட்டறையில் கேட்டால் வாங்கிக்கொள்வார்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் இல்லை.

பிளக்கை அதன் மூடியில் செருகி எஞ்சின் உலோகத்தில் ஒட்டிப் பிடித்து உதைத்தீர்களா? பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். பழைய ஹோண்டாவில் பெரும்பாலும் குற்றவாளி பாயிண்டுதான், ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னத் தொடர்பு முனை, அதன் முகத்தில் பாசி மாதிரி படிந்திருக்கும். நைஸ் உப்புத்தாளால் ஒரு தேய், பிறகு வெள்ளை அட்டைத் துண்டை நடுவில் விட்டு இழுங்கள், கறுப்பு வராதவரை. இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். சுத்தம் செய்த பாயிண்ட் சீக்கிரமே கருகினால், அதில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரை மாற்றுங்கள்.

ஸ்பார்க்கும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, இரண்டு நொடி ஓடி அணைகிறது என்று இன்னும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சைலன்சர் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வண்டிக்கு நான் கார்ப்பரேட்டரை நாலு முறை கழற்றி மாட்டினேன், கடைசியில் பார்த்தால் குளவி மண்கூடு கட்டி வழியை அடைத்துவிட்டிருந்தது.

ஒரு வரிக் கேள்வி: 6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் பேட்டரி போடலாமா?

கூடாது. கிளப்பிப் பார்க்க சி70-க்குப் பேட்டரியே தேவையில்லை, ஆனால் பேட்டரி இல்லாமல் முறுக்கினால் பல்புகள் போய்விடும்.

ஜூரோங்கிலிருந்து: யமஹா ஆர்எக்ஸ்-இசட். கிளம்பிவிட்டது அண்ணே! ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் சத்தம் இறங்கமாட்டேன் என்கிறது, தானாக ஏறுகிறது.

உடனே அணையுங்கள். முதலில் கேபிள் சிக்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது. ஆர்எக்ஸ்-இசட் டூ ஸ்ட்ரோக் வண்டி, அதில் கிராங்க் என்னும் சுழல் தண்டின் இரு பக்கமும் ரப்பர் சீல் இருக்கும், வருடக்கணக்கில் நின்றால் காய்ந்து விறைக்கும். காற்று கூடினால் பெட்ரோல் விகிதம் குறையும், பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். கார்ப்பரேட்டர் இணைப்பு ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது மலிவு. அதுவும் சரியாக இருந்தால் சீல்தான். கியர் எண்ணெய் குறைந்து புகை அதிகமானால் கிளட்ச் பக்க சீல் என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். இதைப் புதிதாகப் படிப்பவர் தனியாகத் தொடவேண்டாம், கை தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

பலர்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் எங்கே வைத்து வேலை செய்வது?

வாகன நிறுத்துமிடத்தில் கழற்றிப் போட அனுமதி இல்லை, நடைபாதையும் ஆகாது. கார்ப்பரேட்டரை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அதுவும் பெட்ரோலை முழுக்க வடித்த பிறகு, அடுப்புப் பக்கம் போகாமல். நான் மனைவியின் சாம்பார்ச் சட்டியில் ஊறவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன், நீங்கள் தனிப் பாத்திரம் வாங்கிவிடுங்கள்.

ஈசூன் தம்பி மறுபடியும்: அண்ணே, அசைந்துவிட்டது! கிளம்பினால் உடனே ஓட்டலாமா?

சந்தோஷம் தம்பி. கிளம்பினதும் வெள்ளைப் புகை வரும், நீங்கள் ஊற்றிய எண்ணெய்தான், பயப்படாதீர்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சூட்டோடு எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுங்கள், மோட்டார் சைக்கிளுக்கான எண்ணெய்தான், கார் எண்ணெய் கிளட்சை வழுக்கவிடலாம். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 2309 என்றால் 2009-இன் 23-ஆவது வாரம். மேலே பட்டன் நன்றாக இருந்தாலும் அந்த வயது டயரை நம்பாதீர்கள், இரண்டையும் மாற்றுங்கள். ப்ரேக் டிரம்மைத் திறந்து கட்டையைப் பாருங்கள், கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள். முதல் ஓட்டம் கொட்டகை வாசலில் முதல் கியரில் மட்டும். ப்ரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும், மாமாவைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.